சமத்துவவாதி என்ற சொல் குறித்துத் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

சட்டப் பாடத்தில் ‘ஈகாலிடேரியன்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, அதன் பொருளையும் பிறப்பையும் கேட்டு எழுதியிருந்தாய். ‘சமத்துவவாதி’ என்று ஒரே வரியில் பதில் எழுதலாம். ஆனால் புதுச்சேரியில் வாழ்ந்துகொண்டு இந்தச் சொல்லை அவ்வளவு விரைவாகக் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

லத்தீனில் ‘ஏக்குவஸ்’ என்றால் மேடுபள்ளம் அற்றது என்று பொருள். அதன் வழிவந்ததே, ‘சமம்’ எனப் பொருள்படும் பிரெஞ்சின் ‘எகால்’. 1789ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் புரட்சி முழங்கிய ‘எகாலிதே’யும் (சமத்துவம்) அவ்வழியதே. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சில் பிறந்த ‘எகாலித்தேர்’ என்ற சொல்லையே பின்னர் ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. அறிவிலும் செல்வத்திலும் உடல்வலிமையிலும் மனிதர்கள் வேறுபட்டிருந்தாலும், மதிப்பிலும் உரிமையிலும் அவர்களுக்குள் ஏற்றத்தாழ்வு கூடாது என்று நம்புகிறவரையே அது குறிக்கிறது. எல்லாரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்க வேண்டும் என்று அதற்குப் பொருள் கொள்கிறார்கள், அது தவறு.

அந்தத் தவறு பிரெஞ்சு ஆட்சியில் நம் ஊரில் சட்டமாகவே ஆனது. அதற்கு முன், 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் சென்றதற்காகத் தடுக்கப்பட்டார். அவர் பாரீசின் உச்ச நீதிமன்றம் வரை முறையிட்டு வென்றார். இந்த ஊரின் வரலாற்றில் நான் மிகவும் போற்றுகிற செயல் அது. பிறகு 1881ஆம் ஆண்டு ஆணை, திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் தம் சமய வழக்கப்படியான தனிநபர் சட்டத்தைத் துறக்கும் இந்தியர்கள் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது. பொன்னுத்தம்பியும் அவ்வாறு துறந்து ‘லபோர்த்’ என்ற குடும்பப் பெயரை ஏற்றார். சாதிக் கட்டிலிருந்து விடுபட வேறு வழி காணாத பலருக்கு அது உண்மையான விடுதலை என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், எம்மைப்போல் ஆனால்தான் எமக்குச் சமம் என்ற பிரெஞ்சுக்காரரின் நிபந்தனை அதனுள் இருந்தது. அந்த நிபந்தனையை நிறைவேற்றியவர்களுக்கும் முழுச் சமம் கிடைக்கவில்லை: 1884இல் ஐரோப்பியர், துறந்தோர், துறக்காதோர் என வாக்காளர் பட்டியல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது.

ஆகவே உன் கட்டுரையில் லத்தீன் வேரோடு நிறுத்திவிடாமல், பொன்னுத்தம்பியின் வழக்கையும் அந்த மூன்று பட்டியல்களையும் சேர்த்தே எழுது. எழுதி முடித்ததும் எனக்கு ஒரு படி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்
புதுச்சேரி