‘பட்டறையில விட்டுடுவேன்’ என்று மிரட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் நாளிதழ்களில் ‘அடுத்து என்ன படிக்கலாம்’ என்று ஒரு பக்கம் வரும். வருடா வருடம் விடாமல் படிக்கிறேன். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், வெல்டர் எல்லாம் வந்துவிடும். என் தொழிலை அதில் நான் பார்த்ததே இல்லை. நான் டிங்கர். இடிபட்டு வரும் கார்களை நேராக்குகிறவன். திருச்சி பாலக்கரையில் சின்னதாக ஒரு பட்டறை.

எங்கள் தொழில் வீடுகளில் வேறு மாதிரி நினைவுக்கு வரும். “ஒழுங்காப் படி, இல்லேன்னா பட்டறையில கொண்டு போய் விட்டுடுவேன்.” போன மாதம் கார் எடுக்க வந்த ஒருவர், கூட வந்த மகனிடம் என்னைக் காட்டியே அப்படிச் சொன்னார். பையன் என் கைகளைப் பார்த்தான். அவருடைய காரின் பின்கதவை இரண்டு நாள் குந்தி உட்கார்ந்து நேராக்கிய கைகள் அவை. நான் ஒன்றும் சொல்லாமல் பில்லை நீட்டினேன்.

நானும் அப்படி விடப்பட்டவன்தான். 1993இல் கணக்கில் கோட்டை விட்டேன். அப்பா ஒரு டிங்கர் மேஸ்திரியிடம் சேர்த்துவிட்டார். முதல் வருடம் சுத்தியலைத் தொடவே விடவில்லை. தண்ணீர் ஊற்றி உப்புத்தாள் தேய்க்க வேண்டும், டீ வாங்கி வர வேண்டும், சனிக்கிழமையானால் 25 ரூபாய். தேய்த்த தேய்ப்பில் விரல் நுனி வழுவழுப்பாகிவிட்டது. இன்றைக்கும் ரேஷன் கடை மெஷினில் என் ரேகை விழாது. வீட்டுக்காரம்மாதான் போக வேண்டும்.

இரண்டாம் வருடம் டாலியைக் கையில் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்குகிற இரும்புக் கட்டி அது. தகட்டுக்கு உள்பக்கம் அதை முட்டுக் கொடுத்து, வெளியிலிருந்து தட்ட வேண்டும். அவசரப்பட்டு ஓங்கி அடித்தால் தகடு நீண்டுவிடும். அப்புறம் பிஸ்கட் டப்பா மூடி மாதிரி அமுக்கினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். தகடு மடங்கிய வரிசைக்கு எதிர் வரிசையில் எடுக்க வேண்டும், கடைசியாக மடங்கியதை முதலில். டியூப்லைட்டின் பிம்பம் கதவின் மேல் வளையாமல் ஓடுகிறதா என்று பார்ப்பேன். அதற்கு மேலும் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை தடவிப் பார்க்காமல் வண்டியைப் பெயிண்டுக்கு அனுப்பியதில்லை. மூன்று வருடத்துக்குக் குறைந்து இந்தக் கை யாருக்கும் வராது.

கை மட்டும் போதும் என்பது அம்பாசடர் காலம். கனத்த தகடு, காஸ் நெருப்பைக் காட்டி இழுத்தால் வந்துவிடும். இப்போதைய கார்களில் இரண்டு கதவுகளுக்கு நடுவே நிற்கிற தூண் போன்ற இடங்களில் அதிக வலுவுள்ள எஃகு வருகிறது. அதைச் சூடு பண்ணினால் அந்த வலு போய்விடும். மேலே பள்ளத்தை நிரப்பும் பட்டியைப் பூசிப் பெயிண்ட் அடித்துவிட்டால் ஓனருக்குத் தெரியாது, அடுத்த விபத்தில்தான் தெரியும். வேறெங்கோ வேலை பார்த்து வந்த ஒரு வண்டியின் தூணைச் சுரண்டினேன். உள்ளே ஒரு விரல் கனத்துக்குப் பட்டி. மின்சாரக் கார் என்றால் வெல்டிங்கைத் தொடுவதற்கு முன்னால் பெரிய பேட்டரியின் இணைப்பை முறையாகத் துண்டிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதெல்லாம் என் மேஸ்திரி சொல்லித்தந்த பாடத்தில் கிடையாது. நாற்பது வயதுக்கு மேல் நாலு பேரிடம் கெஞ்சிக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

பெயிண்ட் விஷயம் இன்னும் மோசம். கார்களுக்கு அடிக்கும் 2கே பெயிண்டில், அது இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. ஆஸ்துமாவைக் கொண்டு வரக்கூடியது. நாங்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தோம். துண்டு அந்த ஆவியைத் தடுக்காது என்று யாரும் சொல்லவில்லை. என்னோடு சேர்ந்தவர் இன்று நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார். இப்போது என் பட்டறைப் பையன்கள் வியர்க்கிறது, புழுங்குகிறது என்பார்கள். அதற்குரிய முகமூடி போடாதவன் கையில் ஸ்ப்ரே கன் கொடுக்க மாட்டேன்.

இப்படித் தட்டுத் தடுமாறிக் கற்க வேண்டிய அவசியமே இப்போது இல்லை. ‘மெக்கானிக் ஆட்டோ பாடி ரிப்பேர்’, ‘மெக்கானிக் ஆட்டோ பாடி பெயிண்டிங்’ என்று ஐ.டி.ஐ. பட்டியலில் ஓராண்டுப் படிப்புகள் இருக்கின்றன. என்னிடம் வரும் பெற்றோரில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. எந்த ஊர் ஐ.டி.ஐ.யில் இவை நடக்கின்றன என்று அடுத்த முறை உங்கள் பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள். இல்லாத மாவட்டங்களில் தொடங்கச் சொல்லி அரசுக்கும் எழுதுங்கள். ஒரு வருடம் அங்கே படித்து, இரண்டு வருடம் பட்டறையில் கை பழகினால் அந்தப் பையன் எங்கும் வேலை கேட்டு நிற்க மாட்டான். என் பட்டறையிலேயே நல்ல டிங்கருக்கு நாளைக்கு 1,200 ரூபாய் கொடுக்கிறேன். அப்படியும் ஆள் கிடைக்காமல் மூன்று வண்டி வாசலில் நிற்கிறது.

பிள்ளைகளை அழைத்து வந்து காட்ட நினைக்கும் ஆசிரியர்கள் தாராளமாக வரலாம். காலையில் வாருங்கள், மத்தியானத்துக்கு மேல் பெயிண்ட் அடிப்போம், அந்த நேரத்தில் பிள்ளைகளை உள்ளே விட மாட்டேன்.

இப்படிக்கு,
டிங்கரிங் பட்டறைக்காரர்,
பாலக்கரை, திருச்சி.