கருப்பியின் குட்டிகளைப் பற்றி அண்ணாவுக்கு

ஹானோவர், ஜெர்மனி

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் எங்கள் நாய் செவலையும் சௌக்கியம். அங்கே நீங்கள், நங்கை, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் நலம்தானே? பட்டிக்குள் தெருநாய்கள் புகுந்து செம்மறிகளைக் கடித்துப் போட்டதை அம்மா சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கமெல்லாம் இதே கதியாக இருக்கிறது, செத்த ஆட்டைக் கொண்டுவந்து ரோட்டில் போட்டு விவசாயிகள் நியாயம் கேட்டதைச் செய்தியில் பார்த்தபோதே வயிற்றைக் கலக்கியது, இப்போது நம் ஆடு மேயும் கொறங்காட்டுக்கே வந்துவிட்டது. அதே போனில் அம்மா இன்னொன்றும் சொன்னார். நம் பட்டி நாய் கருப்பி குட்டி போட்டிருக்கிறாளாம், கடுவன் குட்டி ஒன்றை வைத்துக்கொண்டு மீதிப் பொட்டைக் குட்டிகளைச் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வரப்போகிறீர்களாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அம்மாவுக்கும் நங்கைக்கும் நீங்களே படித்துக் காட்டுங்கள்.

செவலைக்கு ஆகும் செலவைக் கேட்டுவிட்டு ஒரு நாய்க்கா இவ்வளவு என்று போன தடவை கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இங்கே நாய் வேண்டும் என்று ஆசைப்பட்ட அன்றே வீட்டுக்குக் கூட்டிவர முடியாதுங்கண்ணா. நாங்கள் இருக்கும் லோயர் சாக்சனி மாநிலத்தில் 2013 ஜூலையிலிருந்து முதன்முதலாக நாய் வளர்ப்பவர்கள் பரீட்சை எழுதித் தேற வேண்டும். எழுத்துப் பரீட்சை நாய் வருவதற்கு முன்னால், நாயோடு வெளியில் நடந்து காட்டும் பரீட்சை அது வந்த முதல் வருஷத்துக்குள். அப்புறம் தோலுக்கடியில் ஒரு சிப், அந்த நம்பர் மாநிலப் பதிவேட்டில் நம் பெயரோடு ஏற வேண்டும். நாய் யாரையாவது கடித்தாலோ குறுக்கே ஓடி விபத்து நடந்தாலோ நஷ்டஈடு கொடுக்க இன்சூரன்ஸ் கட்டாயம், ஆள்களுக்கு ஏற்படும் காயத்துக்குக் குறைந்தது 5 லட்சம் யூரோவுக்கு எடுக்க வேண்டும். இதுபோக நகராட்சிக்கு வருஷாவருஷம் நாய் வரி. நாயைச் சங்கிலியில் கட்டியே போட்டு வளர்ப்பது 2023-லிருந்து நாடு முழுக்கத் தடை. ஏப்ரல் 1 முதல் ஜூலை 15 வரை காட்டுப் பறவையும் முயலும் குஞ்சு குட்டியோடு இருக்கும் காலம் என்பதால் காட்டிலும் வயல்வெளியிலும் கயிறில்லாமல் விடவும் கூடாது. முதலில் எனக்கு மலைப்பாகத்தான் இருந்தது. இப்போது இது எல்லாமே சரி என்றுதான் நினைக்கிறேன், ஒரு நாய் செய்யும் சேதத்துக்கு யாரைக் கேட்பது என்று இங்கே யாரும் தேட வேண்டியதில்லை. உங்கள் செம்மறிகளைக் கடித்த நாய்களுக்கு யார் பொறுப்பு, சொல்லுங்கள்.

செவலையைக் கடையில் வாங்கவில்லை, விலங்குக் காப்பகத்திலிருந்து எடுத்தோம். ருமேனியாவில் தெருவில் திரிந்தவள். அங்கிருந்து நிறைய நாய்களை இங்கே கொண்டுவந்து வீடு தேடிக் கொடுக்கிறார்கள். பார்த்தால் நம் ஊர் நாயேதான், அதே செவலை நிறம், சுருட்டிய வால், இடது காதில் பழைய கடிவடு. வந்த புதிதில் துடைப்பத்தைக் கையில் எடுத்தாலே மேஜைக்கடியில் போய்ப் பதுங்கிக்கொள்வாள், யார் எங்கே அடித்தார்களோ. இப்போது கூட்டும்போது துடைப்பத்தின் மேலேயே வந்து படுத்துக்கொள்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருகிற சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அவள் வருவதற்கு முன்னால் இங்கே என் நாள் எப்படிப் போனது என்று உங்களிடம் சொன்னதே இல்லை. ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாலே எந்த ஊருங்க, யார் வீட்டுப் புள்ளைங்க என்று கேட்டுவிடுவார்கள். இங்கே பனிக்காலத்தில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது, மாப்பிள்ளை வேலைக்கும் பையன் பள்ளிக்கும் போனபிறகு பேச ஆள் கிடையாது. நாயோடு இறங்கின பிறகுதான் இந்த ஊர் என்னிடம் பேச ஆரம்பித்தது. ஐலன்ரீடே என்று நகரத்துக்கு நடுவிலேயே பெரிய காடு ஒன்று இருக்கிறது, மழையோ பனியோ காலையும் மாலையும் அங்கே போயாக வேண்டும், தினம் அதே நேரத்தில் அதே ஆள்கள். முதலில் நாய்க்கு என்ன வயது என்பார்கள், பிறகு எனக்கு எந்த ஊர் என்பார்கள். மேல்வீட்டுப் பாட்டியும் அப்படிப் பழக்கமானவர்தான், என் ஜெர்மன் பேச்சில் பாதி அவர் திருத்தித் திருத்தி வந்தது.

காட்டுக்குப் போய்வந்தால் உண்ணி பார்க்க வேண்டும். இங்கத்து உண்ணி நாய்க்கு மட்டுமில்லை, மனுஷனுக்கும் மூளைக்காய்ச்சல் வரை கொண்டுவரும். வாசலிலேயே அவளைப் படுக்கவைத்துக் காதுக்குள், அக்குளில், விரலிடுக்கில் எல்லாம் தடவிப் பார்ப்பேன். கிடைத்தால் கொக்கிபோல் ஒரு சின்னக் கருவி இருக்கிறது, அதைத் தோலோடு ஒட்டிக் கொடுத்து மெதுவாகத் திருகினால் தலையோடு வந்துவிடும். அப்பாரு திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெய்க் கொட்டாங்குச்சியில் போடுவாரே, அந்த நினைப்புதான் வரும்.

அவளுக்கும் நம் பழைய சோறு, ரசம் எல்லாம் போடு என்கிறார் அம்மா. வேண்டாம் என்று சொல்லுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எல்லாம் நாய்க்கு விஷம், வெங்காயம் ரத்தத்தில் சிவப்பணுக்களையே கெடுத்துவிடும். நான் அரிசிம்பருப்பு வைக்கும்போது குக்கர் விசில் கேட்டாலே சமையல்கட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள், அதில் சின்ன வெங்காயம் போடாமல் எப்படி? அதனால் அவளுக்கு உப்பில்லாமல் கொஞ்சம் சோறும் கோழிக்கறியும் தனியாக எடுத்து வைக்கிறேன்.

கவலையும் இருக்கிறதுங்கண்ணா. வருஷக் கடைசி ராத்திரி இந்த ஊரே பட்டாசு வெடிக்கும், அன்றைக்கு அவள் படும் பாட்டைப் பார்க்க முடியாது. குளியலறையில் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்துகொண்டு உடம்பெல்லாம் உதறும், எச்சில் ஒழுகும், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுப் பையனும் நானும் பக்கத்தில் தரையிலேயே படுத்துக்கொள்வோம். அதைவிடப் பெரிய கவலை அவளுக்கு வயதாகிக்கொண்டு வருவது. பின்னங்கால் இடுப்பு தேய்கிறது, படி ஏறும்போது நின்று நின்று ஏறுகிறாள். இந்த நாட்டுச் சட்டத்தில் தக்க காரணமில்லாமல் எந்தப் பிராணியையும் கொல்லக் கூடாது. ஆனால் தீராத வலி என்றால் டாக்டரே ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்பார், முடிவு நம் கையில். மேல்வீட்டுப் பாட்டி தன் நாய்க்கு அப்படிச் செய்துவிட்டு வந்து என்னிடம் அதைச் சொல்லி அழுதார். நம் ஊரில் நாய்க்கு வயதானால் ஒருநாள் எங்கேயோ போய்விட்டது என்போம், அதோடு சரி. என் முறை வரும்போது அந்தக் கையெழுத்தை எப்படிப் போடுவேனோ தெரியாது.

இப்போது கருப்பி விஷயத்துக்கு வருகிறேன். அப்பாருவை வெறிநாய் கடித்துத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டதை எத்தனை தடவை கேட்டிருப்போம். அந்த மருந்தெல்லாம் இப்போது இல்லை, கையில் போடும் நல்ல தடுப்பூசி வந்துவிட்டது. ஆனால் நோய் வந்துவிட்டால் பிழைப்பது இல்லை என்பது மட்டும் மாறவில்லை. இந்த நாட்டிலும் முன்பு நரிகளிடம் வெறிநோய் இருந்தது. 1983-லிருந்து தடுப்பு மருந்தை இரைக்குள் வைத்துக் காட்டில் போட்டார்கள், பிறகு விமானத்திலிருந்தும் தூவினார்கள், 2008-ல் நரிகளிடமும் நாய்களிடமும் இந்த நோய் ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். காட்டு நரிக்கே மருந்து போட்டு ஒழித்திருக்கிறார்கள், கையில் வந்து படுக்கும் கருப்பிக்கு ஊசி போடுவதா கஷ்டம்? பட்டிக்குள் வந்த நாய்களோடு அவள்தான் மல்லுக்கட்டினாள் என்று அம்மா சொன்னார். உடம்பில் கடி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாளைக்கே கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். பிள்ளைகள் அவளைக் கொஞ்சிக்கொண்டு திரிவார்கள், அவர்களை எந்த நாயாவது பிராண்டினாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

குட்டிகளைச் சந்தையில் விடாதீங்கண்ணா. கறிக்கடைக் கழிவைத் தின்று வளரும், ஆறேழு மாசத்தில் பருவத்துக்கு வரும், 63 நாளில் குட்டி போடும், வருஷத்துக்கு இரண்டு ஈத்து. கூட்டமாகச் சேர்ந்தபிறகு ராத்திரி கிளுவை வேலியில் சந்து பார்த்து நுழைவது அந்தக் குட்டிகள்தான். நம் பட்டியில் நுழைந்தவையும் இப்படி யாரோ ஒருத்தர் பொட்டை என்று சந்தையிலும் கோயில் வாசலிலும் விட்டுப்போனவைதான். தெருநாய்க்குக் கருத்தடை செய்வது ஊராட்சியும் நகராட்சியும் பார்க்க வேண்டிய வேலை என்று 2023-ல் வந்த மத்திய அரசு விதி சொல்கிறது, அதை நீங்கள் எல்லாரும் சேர்ந்து கேட்கத்தான் வேண்டும். நம் வீட்டு நாய்க்கு நாம்தானே செய்ய வேண்டும். எட்டு வாரம் வரை குட்டிகள் தாயோடு இருக்கட்டும், அதற்குள் ஆள் பார்ப்போம். சின்ன மாமா தோட்டத்துக்கு ஒன்று வேண்டும் என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார், அவரிடம் நானே பேசுகிறேன். பால் மறந்ததும் கருப்பிக்கு ஆபரேஷன் செய்துவிடுங்கள், அந்தச் செலவும் குட்டிகளுக்கு ஊசிச் செலவும் என்னுடையது, பணத்தை உங்கள் அக்கவுண்டில் போட்டுவிட்டேன். பகலில் அவளைக் கட்டிவைத்தாலும் சாயந்திரம் அவிழ்த்துவிடுங்கள், பட்டியைச் சுற்றி வரட்டும்.

பொங்கல் நோம்பிக்கு வருகிறோம். செவலையை அழைத்துவரவில்லை, வயதான காலத்தில் அவ்வளவு நேரம் விமானத்தில் கூண்டில் அடைக்க மனசு வரவில்லை. நம் ஊருக்கு வந்து திரும்ப வேண்டுமென்றால் புறப்படுவதற்கு முன்பே ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பரிசோதித்துச் சான்று வாங்க வேண்டும், இல்லாவிட்டால் இங்கே திரும்பவும் சேர்க்க மாதக்கணக்கில் ஆகிவிடும். மேல்வீட்டுப் பாட்டி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு நம் ஊர் நாட்டுச்சர்க்கரையும் கொஞ்சம் மஞ்சளும் கொண்டுவர வேண்டும், நங்கையிடம் சொல்லி எடுத்து வையுங்கள். அம்மாவின் முட்டிவலிக்குத் தைலம் வாங்கியிருக்கிறேன். டாக்டர் கருப்பியைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று அன்றைக்கே வாட்ஸப்பில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அம்மிணி