எந்தப் பேப்பர் நடுநிலை என்று கேட்டாயே

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு மூட்டு வலி இப்போது தேவலை.

'எந்தப் பேப்பரைப் படித்தால் நடுநிலையான செய்தி கிடைக்கும்மா?' என்று போனில் கேட்டாய். குக்கர் விசிலுக்கு நடுவே சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை என்பதால் எழுதுகிறேன். அப்படி ஒரு பேப்பர் கிடையாது. கிளை நூலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம், காலையில் வருகிற அத்தனை நாளிதழையும் கட்டுப் பிரித்து, முத்திரை குத்தி, மேஜையில் பரப்பியவள் சொல்கிறேன். ஒரே சம்பவம் ஒரு பேப்பரில் முதல் பக்கத் தலைப்பாக இருக்கும். இன்னொன்றில் ஏழாம் பக்கத்தில், துணிக்கடை விளம்பரத்துக்குக் கீழே நாலு வரி. இரண்டிலும் பொய் இருக்காது.

கட்சி சேனல்களை நினைத்து நான் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. ஜெயா டிவி, கலைஞர் டிவி, மக்கள் டிவி, கேப்டன் டிவி எல்லாம் யாருடையவை என்று டீக்கடையில் நிற்கிறவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு பார்த்தால் அவற்றிலிருந்தும் விஷயம் கிடைக்கும். 2001 ஜூன் 30, பொழுது விடியும் முன்னே, மேம்பால வழக்கில் கலைஞரைக் கைது செய்தார்கள். அவருக்கு அப்போது 77 வயது; நீ சின்னப் பையன். போலீசார் அவரை இழுத்துப் போவதையும் அவர் அலறுவதையும் சன் டிவி திரும்பத் திரும்பக் காட்டியது. நம் வீட்டில் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்கவில்லை. பிறகு அரசுத் தரப்பிலிருந்து வேறொரு பதிவு வந்து ஜெயா டிவியில் ஓடியது. அதில் மத்திய அமைச்சர்களாக இருந்த முரசொலி மாறனும் டி.ஆர்.பாலுவும் போலீசாரோடு மல்லுக்கட்டுவது தெரிந்தது. நூலகத்துக்கு வருகிற இரண்டு பெரியவர்கள், ஆளுக்கொரு டிவியைப் பார்த்துவிட்டு வந்து, வாசலிலேயே சண்டை போட்டார்கள். இருவர் பார்த்ததும் அதே இரவுதான், அதே கைதுதான். எங்கே தொடங்கி எங்கே வெட்டினார்கள் என்பதில்தான் எல்லாம் இருந்தது. ஒன்றை மட்டும் பார்த்தவருக்கு மற்றவர் புளுகுகிறார் என்றே தோன்றும்.

இதைவிடச் சிக்கலானது, எந்தக் கட்சியும் சம்பந்தப்படாத மாதிரி தெரிகிற செய்தி. தமிழில் ஒரு வசதி உண்டு, அதுவே வில்லங்கம். 'என்று போலீசார் தெரிவித்தனர்' என்பது வாக்கியத்தின் வாலில் வரும். தலைப்பில் இடம் போதாவிட்டால் முதலில் வெட்டப்படுவது அந்த வால்தான். அப்புறம் போலீஸ் சொன்னது நடந்ததாகவே ஆகிவிடும். ரவுடி கைது, காவல் நிலையக் கழிப்பறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்று மாவுக்கட்டோடு படம் போடுவார்களே, எத்தனை படித்திருப்பாய்! நம் ஊர்க் காவல் நிலையக் கழிப்பறைகள் மட்டும் ஏன் இப்படி வழுக்குகின்றன என்று ஒரு நிருபருக்காவது கேட்கத் தோன்ற வேண்டாமா? விழுந்தவனைக் கேட்டு எழுதிய செய்தியை நான் அதிகம் பார்த்ததில்லை.

தூத்துக்குடியை எடுத்துக்கொள். 2018 மே 22, ஸ்டெர்லைட் போராட்டத்தின் 100-வது நாள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். கூட்டத்தில் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள், வேறு வழியில்லாமல் சுட்டார்கள் என்கிற பேச்சு உடனே கிளம்பி எங்கும் பரவியது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2022 அக்டோபரில். தேவையில்லாமல் சுட்டிருக்கிறார்கள், ஓடிக்கொண்டிருந்தவர்களையும் சுட்டிருக்கிறார்கள் என்றது அது. இடையில் நாலு வருஷம் ஓடிவிட்டது. முதல் நாள் படித்ததையே மனதில் வைத்திருப்பவர்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். உன் பெரிய மாமாவைச் சொல்லவில்லை என்று நினைக்காதே.

அதனால் ஒரு செய்தியைப் படித்ததும் நான் பார்ப்பது, இதைச் சொன்னது யார், யாரைக் கேட்காமல் விட்டார்கள் என்பதைத்தான். 'மோதல்' என்று போட்டிருந்தால் காயம்பட்டவர்கள் எந்தப் பக்கம் என்று தேடுவேன். எல்லோரும் ஒரே பக்கமாக இருந்தால் அது மோதலா என்ன? நமக்கு ஆகாதவர்களைத் திட்டுகிற செய்தியில் இதையெல்லாம் பார்க்கத் தோன்றாது, சந்தோஷமாக நம்பிவிடுவோம். அங்கேதான் நான் வேண்டுமென்றே மறுபடி முதல் வரிக்குப் போவேன்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2009-ல் மகாராஷ்டிரத் தேர்தலின்போது முதல்வர் அசோக் சவாணைப் புகழ்ந்து ஒரே கட்டுரை, வார்த்தை மாறாமல், வெவ்வேறு மராத்தி நாளிதழ்களில் வந்தது. பி.சாய்நாத் அதைத் தோண்டி எடுத்து இந்து நாளிதழில் எழுதினார். காசுக்குப் போடும் செய்திகளைப் பற்றி பிரஸ் கவுன்சில் ஒரு குழுவே அமைத்து விசாரித்தது. ஆனால் 2010-ல் வெளியிட்டது சுருக்கத்தை மட்டும். முழு அறிக்கை அடுத்த வருஷம், தகவல் ஆணையம் சொன்ன பிறகுதான் வெளியே வந்தது. பத்திரிகைகளைப் பற்றிய அறிக்கைக்கே இந்தக் கதி.

நம் பக்கத்துப் பேப்பர்களிலும் தேர்தல் நேரத்தில் 'வேட்பாளருக்கு மக்கள் உற்சாக வரவேற்பு' என்று அரைப் பக்கம் வந்தால் நாலு மூலையையும் தடவிப் பார். சில சமயம் 'விளம்பரம்' என்று எறும்பு அளவில் போட்டிருப்பார்கள். எனக்குக் கண்ணாடி போட்டால்தான் தெரிகிறது, உனக்கு இன்னும் அந்த வயசு வரவில்லை.

அன்புடன்,
அம்மா