டோக்கியோவில் இரண்டு குதிரைகள்

16 ஆகஸ்ட் 2021

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. இரண்டாவது ஊசியும் போட்டுக்கொண்டாய், காய்ச்சல்கூட வரவில்லை என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. இங்கே எங்கள் இருவருக்கும் ஊசி முடிந்துவிட்டது. மகன் இன்னும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறான். என் முட்டிவலி அப்படியே இருக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

உன் பேத்தி கேட்டதற்கு வருகிறேன். ஒலிம்பிக்கில் ஒரு ஜெர்மன் பெண் அழுதுகொண்டே குதிரையைச் சவுக்கால் அடித்ததைப் பார்த்துவிட்டு, "குதிரை விளையாட்டு எல்லாமே இப்படித்தானா தாத்தா?" என்று கேட்டாளாம். மாட்டைப் பற்றிக் கேட்டிருந்தால் நீயே சொல்லியிருப்பாய், குதிரை என்பதால் எனக்கு எழுதியிருக்கிறாய். மீரட்டில் ராணுவக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். நாலு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில், அவள் பார்த்தது குதிரைத் தடைதாண்டும் போட்டியே இல்லை. நவீன ஐந்துவிளையாட்டு என்று ஒன்று இருக்கிறது. டோக்கியோவில் அது வாள்வீச்சு, நீச்சல், குதிரை, ஓட்டம், துப்பாக்கி எல்லாம் சேர்ந்ததாக இருந்தது. அதில் வீரர்கள் தங்கள் குதிரையைக் கொண்டுவரவில்லை. போட்டி நடத்திய நாடு குதிரைகளைக் கொடுத்தது, சீட்டுக் குலுக்கி இன்னாருக்கு இன்ன குதிரை என்று முடிவானது. பழகிக்கொள்ள 20 நிமிடம். அவ்வளவுதான். ஆகஸ்ட் 6 அன்று அந்த ஜெர்மன் பெண் அன்னிகா ஷ்லாய் முதலிடத்தில் இருந்தபடி குதிரைக்கு வந்தார். அவருக்குக் கிடைத்தது செயிண்ட் பாய். அந்தக் குதிரை அதற்குச் சற்று முன்புதான் வேறொரு வீராங்கனையைச் சுமந்து போய்த் தாண்ட மறுத்திருந்தது. மறுபடியும் அதே களத்துக்குள், அதே தடைகளுக்கு முன்னால், தெரியாத இன்னொருவரோடு. அந்தப் பெண் பதறினார், குதிரை இன்னும் பதறியது. பயிற்சியாளர் வேலிக்கு வெளியிலிருந்து அடி, அடி என்று கத்தினார், தானும் குதிரையை முஷ்டியால் ஒரு குத்து விட்டார். மறுநாள் அந்தப் பயிற்சியாளரைப் போட்டிகளிலிருந்து விலக்கினார்கள். அன்னிகா 31ஆவது இடத்துக்குப் போனார்.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஐந்து வருட உழைப்பு கண்ணெதிரே கரையும்போது எந்த மனிதரும் உடைவார். ஒருமுறை மிரண்டு நின்ற குதிரையை அன்றைக்கு மறுபடி களத்துக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்தவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். எங்கள் லாயத்தில் அப்படி நின்ற குதிரையை அன்று முழுவதும் விட்டுவிடுவோம். கடிவாளம் வாயை எங்கேயாவது கிழித்திருக்கிறதா, முதுகில் சேணம் அழுத்துகிறதா, காலில் சூடு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த பேச்சு. மறுத்த குதிரைக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும், அதற்கு வாய் இல்லை. உனக்குத் தெரியாததா?

ஆனால் பேத்தி அதற்கு இரண்டு நாள் முன்பு நடந்ததைப் பார்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆகஸ்ட் 4, தனிநபர் தடைதாண்டும் இறுதிப் போட்டி, பாஜி கோயன் என்ற இடத்தில். 1964லும் ஒலிம்பிக் குதிரைகள் வந்த பழைய மைதானம் அது. டோக்கியோவின் ஆகஸ்ட் வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் விளக்குப் போட்டு நடத்தினார்கள். நமக்குச் சாயங்காலம். கொரோனாவால் பார்வையாளர்கள் யாரும் இல்லை. காலி இருக்கைகளுக்கு நடுவே குளம்புச் சத்தமும் குதிரை மூச்சும் தெளிவாகக் கேட்டன. ஒருவகையில் அது எனக்குப் பிடித்திருந்தது.

விதி எளிமையானது. குறுக்குக் கம்பு ஒன்று விழுந்தால் 4 புள்ளி நஷ்டம். குதிரை மறுத்து நின்றாலும் 4, இரண்டாவது முறை மறுத்தால் வெளியே. குறித்த நேரத்தைத் தாண்டினால் விநாடிக்கு 1. தடைகள் 1.65 மீட்டர் வரை போகும், உன் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. கம்புகள் ஆழமில்லாத தாங்கிகளில்தான் உட்கார்ந்திருக்கும், குளம்பு உரசினாலே உருண்டுவிடும். இதில் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்று கிடையாது, எல்லோரும் ஒரே போட்டி. உன் பேத்திக்கு இதை அவசியம் சொல்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. போட்டிக்கு முன் வீரர்கள் நடந்து போய்த் தடைகளைப் பார்ப்பார்கள். இரண்டு தடைகளுக்கு நடுவே எத்தனை தாவல் என்று காலடியால் அளப்பார்கள். குதிரைக்கு அந்த வாய்ப்பு இல்லை. மணி அடித்து உள்ளே வந்தபிறகுதான் அது அந்தப் பாதையை முதல்முறை பார்க்கிறது. அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் மூக்குக்கு நேர் கீழே தெரியாது. தடையை நெருங்கி எழும்பும் அந்தக் கடைசிக் கணத்தில் கம்பு அதன் பார்வையிலிருந்தே மறைந்துவிடும். அப்படியென்றால் அரை டன் எடையுள்ள, ஓடித் தப்பிப்பதையே இயல்பாகக் கொண்ட ஒரு மிருகம், மேலே இருப்பவர் கொண்டுவந்து விட்ட இடம் சரியாக இருக்கும் என்று நம்பி, கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் மேல் தாவுகிறது. இதை அடித்து வாங்க முடியாது. 20 நிமிடத்திலும் வாங்க முடியாது.

முதல்நாள் தகுதிச் சுற்றிலேயே இது தெரிந்தது. பாதையை அமைத்தவர் ஸ்பெயின்காரர் சாண்டியாகோ வரேலா. தடைகளை ஜப்பானிய அலங்காரங்களால் நிறைத்திருந்தார்கள், அழகாகத்தான் இருந்தது. ஒரு தடைக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கும் சூமோ மல்லன் பொம்மை ஒன்று. திரும்பி வந்ததும் குதிரைக்கு முதலில் தெரிவது அந்த மல்லனின் முதுகு. உலகத்தின் முதல்தரக் குதிரைகள் சில அங்கே மிரண்டு நின்றன. அதற்காக அவற்றை யாரும் அடிக்கவில்லை, கழுத்தைத் தட்டிக்கொடுத்து வெளியே கூட்டிப் போனார்கள்.

இறுதிக்கு 30 பேர். யாரும் பழைய கணக்கைச் சுமந்து வரவில்லை, எல்லோருக்கும் சுழியிலிருந்துதான். அதில் ஆறு பேர் ஒரு தவறும் இல்லாமல் முடித்தார்கள். ஸ்வீடனிலிருந்து மட்டும் மூன்று பேர்: பேடர் ஃபிரெட்ரிக்சன், ஹென்ரிக் ஃபோன் எக்கர்மன், மாலின் பார்யார்ட். அப்புறம் நெதர்லாந்தின் மைக்கேல் வான் டெர் ஃப்ளூட்டன், பிரிட்டனின் பென் மாஹர், ஜப்பானின் டைசுகே ஃபுகுஷிமா. அயர்லாந்தின் கியான் ஓகானர் ஒரே ஒரு நேரப் புள்ளியால் வெளியே போனார். அவர் குதிரை கில்கென்னிக்குச் சுற்றின் நடுவிலேயே மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கணத்திலேயே மணியடித்து நிறுத்தியிருக்க வேண்டும் என்பது என் கருத்து, விதி என்ன சொன்னாலும் சரி. அதன்பிறகு அவர் குதிரையைக் குழுப் போட்டியில் இறக்கவில்லை, நல்லது. ஆகஸ்ட் முதல் தேதி கிராஸ் கண்ட்ரி என்ற திறந்தவெளித் தடை ஓட்டத்தில் ஜெட் செட் என்ற சுவிஸ் குதிரை காலில் தசைநார் அறுந்து, கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. பேத்திக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்பது உன் விருப்பம். நான் சொல்வேன். இந்த விளையாட்டை நேசிப்பவர்கள் இதையும் தெரிந்துகொண்டுதான் நேசிக்க வேண்டும்.

ஆறு பேருக்குள் முடிவு காண ஜம்ப் ஆஃப் வைத்தார்கள். குறைந்த தடைகள், ஆனால் கடிகாரத்தோடு ஓட்டம். ஆறு குதிரைகளும் ஒரு கம்பைக்கூடத் தட்டவில்லை. ஆறுமே! அதனால் வேகம் ஒன்றுதான் தீர்மானித்தது. மாஹரின் எக்ஸ்ப்ளோஷன் 12 வயதுச் செந்நிறக் குதிரை. மாஹருக்கு அதற்கு இரண்டு மாதம் முன்புதான் முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அந்த முதுகோடு அவர் திருப்பங்களை வெட்டி வந்த விதம்! தடையைத் தாண்டி நான்கு காலும் தரையைத் தொடுவதற்கு முன்பே குதிரை அடுத்த தடையின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. மாஹரின் கைகள் கிட்டத்தட்ட சும்மா இருந்தன. நேரம் 37.85 விநாடி. கடைசியாக வந்த ஃபிரெட்ரிக்சன் 38.02. 0.17 விநாடி வித்தியாசத்தில் தங்கம் போனது. ஃபிரெட்ரிக்சனுக்கு இது இரண்டாவது வெள்ளி, ரியோவிலும் இதே ஆல் இன் என்ற குதிரையோடு வெள்ளி வாங்கியவர்தான். வெண்கலம் வான் டெர் ஃப்ளூட்டனுக்கு, 38.90.

தங்கம் மாஹருக்கு. ஆனால் என் மனம் ஆல் இன்னிடம்தான் இருக்கிறது. 15 வயது, மற்றக் குதிரைகளுக்குப் பக்கத்தில் சிறியதாகத் தெரியும் பழுப்புக் குதிரை. தனிநபர், குழு என்று டோக்கியோவில் ஆறு சுற்று ஓடியது, ஒரு கம்பும் விழவில்லை. மூன்று நாள் கழித்து ஸ்வீடன் அமெரிக்காவை ஜம்ப் ஆஃபில் வென்று குழுத் தங்கம் வாங்கியதும் அதன் முதுகில்தான். அப்புறம் உனக்குப் பிடித்த சங்கதி: ஆல் இன்னுக்கும் எக்கர்மனின் கிங் எட்வர்டுக்கும் லாடமே கிடையாது. வெறுங்குளம்போடு ஒலிம்பிக் தடைகளைத் தாண்டின. எங்கள் காலத்தில் லாடம் இல்லாமல் ஒரு குதிரையை அணிவகுப்புக்கே விடமாட்டார்கள். எடை இறங்கும்போது குளம்பு கொஞ்சம் விரிந்து கொடுக்கும், அது அதிர்ச்சியை வாங்கும் என்று நமக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார்களே, அதை நம்பிச் செயலில் காட்டியிருக்கிறார்கள்.

ஃபுகுஷிமா ஆறாவதாக வந்தார். ஜப்பானுக்கு இதில் ஒரு பழைய பெருமை இருக்கிறது. 1932ல் லாஸ் ஏஞ்சலஸில் தகேயிச்சி நிஷி என்ற குதிரைப்படை அதிகாரி யுரேனஸ் என்ற குதிரையோடு இதே தனிநபர் தங்கத்தை வென்றார். 1945ல் ஐவோ ஜிமா சண்டையில் இறந்துபோனார். அதன்பிறகு டோக்கியோ வரை ஜப்பானுக்கு ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் பதக்கம் கிடைக்கவில்லை. அந்தக் காலி மைதானத்தில் ஃபுகுஷிமா ஜம்ப் ஆஃபில் தவறில்லாமல் முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

பேத்திக்கு ஒரு கதை வேண்டுமென்றால் ஹல்லாவின் கதையைச் சொல். 1956 ஒலிம்பிக் மெல்போர்னில். ஆனால் ஆஸ்திரேலியாவின் கால்நடைத் தனிமைப்படுத்தல் சட்டத்தால் வெளிநாட்டுக் குதிரைகள் உள்ளே போக முடியாது, அதனால் குதிரைப் போட்டிகளை மட்டும் ஸ்டாக்ஹோமில் நடத்தினார்கள். முதல் சுற்றில் கடைசிக்கு முந்திய தடையில் ஜெர்மனியின் ஹான்ஸ் குந்தர் விங்க்லருக்குத் தொடையிடுக்குத் தசை கிழிந்துவிட்டது. நிற்கவே முடியவில்லை. விலகினால் குழுவும் போய்விடும். இரண்டாவது சுற்றில் வலியோடு ஹல்லா என்ற தன் பெண் குதிரைமேல் ஏற்றிவிட்டார்கள். அவரால் அதற்கு உதவ முடியவில்லை, தடையை நோக்கித் திருப்பிவிட மட்டும் முடிந்தது. ஹல்லா ஒரு கம்பையும் தொடாமல் முழுப் பாதையையும் முடித்தது. தனிநபர் தங்கம், குழுத் தங்கம் இரண்டும் கிடைத்தன. செயிண்ட் பாயைவிட ஹல்லா உயர்ந்த பிறவி என்று நான் சொல்லமாட்டேன். ஹல்லாவுக்கு அந்த மனிதரை வருடக்கணக்காகத் தெரியும், செயிண்ட் பாய்க்கு அந்தப் பெண் யாரென்றே தெரியாது. ஐந்துவிளையாட்டிலிருந்து குதிரையை எடுத்துவிட வேண்டும், அல்லது அவரவர் குதிரையோடு வரட்டும். இரண்டில் ஒன்று நடக்காதவரை அந்தக் காட்சி திரும்பத் திரும்ப நடக்கும்.

இங்கே எல்லோரும் நீரஜ் சோப்ராவைப் பற்றித்தான் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். பெங்களூருப் பையன் ஃபுவாத் மிர்சா ஈவென்டிங் என்ற மூன்று பகுதிக் குதிரைப் போட்டியில் 23ஆவது வந்ததை மட்டும் யாரும் கவனிக்கவில்லை என்று வருத்தம். 20 வருடம் கழித்து ஒலிம்பிக்கில் ஒரு இந்தியக் குதிரைவீரர். அவர் அப்பா குதிரை வைத்தியர், நம் ஜாதிதான்.

இறுதிப் போட்டியின் பதிவை மகனிடம் சொல்லி உன் வாட்ஸாப்புக்கு அனுப்பச் சொல்கிறேன். ஜம்ப் ஆஃபை இரண்டு முறை போட்டுக் காட்டு, இரண்டாவது முறை குதிரையின் காதுகளை மட்டும் பார்க்கச் சொல். அடுத்த தடை எது என்று தெரிந்ததும் இரண்டு காதும் அந்தப் பக்கம் திரும்பும்.

கறவைகளுக்குக் கோமாரி ஊசி போட்டாயிற்றா? அந்தச் செவலைப் பசுவின் மடிவீக்கம் எப்படி இருக்கிறது என்று எழுது. நீ கேட்ட மருந்தின் பெயரை மகன் தனியாக அனுப்புவான்.

அன்புடன்,
உன் வேப்பேரி விடுதி அறைத்தோழன்