ஒரே திசையில் ஓடும் நீர் பவளத்துக்கு ஒவ்வாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பவளத் தொட்டி வளர்ப்பதைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். விளக்கையும் உப்பின் அளவையும் விரிவாக விளக்கிய கட்டுரையாளர், நீரோட்டத்தை மட்டும் ‘ஆற்றல்மிக்க பம்ப் ஒன்றைப் பொருத்துங்கள்’ என்ற ஒரே வரியில் கடந்துவிட்டார். பதினோர் ஆண்டுகளாக 200 லிட்டர் தொட்டி ஒன்றைப் பராமரித்து வருபவன் என்ற முறையில், அந்த வரியை மறுக்க விரும்புகிறேன்.

தொடக்கத்தில் நானும் ஒரு கடைக்காரரின் சொல்லை நம்பி, பெரிய பம்ப் ஒன்றை வாங்கி வலப்பக்கக் கண்ணாடியில் பொருத்தினேன். அதன் வாய்க்கு நேரே இருந்த ஹேமர் பவளத்தின் சதை மூன்றே வாரங்களில் எலும்புக்கூட்டை விட்டுக் கிழிந்து தொங்கியது. பாறைக்குப் பின்னாலோ கழிவு படிந்து, சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர் செந்நிறப் போர்வையாகப் படர்ந்தது. ஒரே தொட்டிக்குள் புயலும் இருந்தது, குட்டையும் இருந்தது.

இடம்பெயர இயலாத பவளத்துக்கு ஆக்சிஜனையும் இரையையும் கொண்டுவருவதும், அது சுரக்கும் சளியையும் கழிவையும் அகற்றுவதும் நீரோட்டமே. பவளத்தின் மேற்பரப்பை ஒட்டி நகராத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று எப்போதும் இருக்கும். ஓட்டம் குறைந்தால் அது தடித்து, வாயுக்கள் உள்ளே செல்வதையும் வெளியேறுவதையும் தாமதப்படுத்தும். 1998ஆம் ஆண்டின் வெப்பத்தில் ஜப்பானின் ஒகினாவாவில் பவளங்கள் வெளிறியபோது சில பிழைத்ததற்கு நீரோட்டமும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் நகமுராவும் வான் வூசிக்கும் 2001இல் எழுதினர். நம் ஊர் வெக்கையில் தொட்டி வைப்போர் இதைக் கருத்தில் கொள்வது நல்லது.

ஆயினும் ஓட்டத்தின் வலிமையைவிட அதன் மாற்றமே முக்கியம் என்பது என் கருத்து. சிங்கப்பூரின் தெற்கே உள்ள நமது சிஸ்டர்ஸ் தீவுகளை ஒட்டிய கடலில் ஓதம் ஏறும்போது ஒரு திசையிலும் வற்றும்போது வேறு திசையிலும் நீர் பாய்கிறது. அதன்மேல் அலைகள் முன்னும் பின்னும் உலுக்குகின்றன. இரண்டு சகோதரிகள் மூழ்கிய கதையைச் சொல்லும் அளவுக்கு அங்கே நீரின் இழுப்பு கடுமையானது. அப்படியிருந்தும் பவளங்கள் வாழ்கின்றன. ஒரே புள்ளியில் ஓயாமல் பீய்ச்சும் பம்புக்கும் இதற்கும் எந்த ஒப்புமையும் இல்லை.

எனவே ஒரு பெரிய பம்புக்குப் பதிலாக இரண்டு சிறிய வேவ்மேக்கர்களை (அலையெழுப்பும் பம்புகளை) எதிரெதிர்ப் பக்கங்களில் பொருத்தி, மாறி மாறி ஓடவிடலாம். இரண்டின் ஓட்டமும் நடுவில் மோதிச் சிதறும்போது எழும் குழப்பமான சுழற்சியே பவளத்துக்கு ஏற்றது. ஒன்றைச் சற்று மேல்நோக்கித் திருப்பினால் நீர்மட்டம் சிலிர்த்து, இரவில் குறையும் ஆக்சிஜன் ஈடாகும். மென்பவளங்களுக்கு மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல் 10 முதல் 20 மடங்கும், அக்ரோபோரா போன்ற கல்பவளங்களுக்கு 30 முதல் 50 மடங்கும் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. என் தொட்டிக்கு மணிக்கு 4,000 லிட்டரே போதுமானதாக இருக்கிறது. சம்பிலிருந்து (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டும் தொட்டியிலிருந்து) நீரை மேலேற்றும் பம்பின் பெட்டியில் அச்சிட்டுள்ள எண்ணை இதில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். நீர் ஏறும் உயரம் கூடக்கூட உண்மையான ஓட்டம் வெகுவாகக் குறைந்துவிடும்.

எண்களைவிடக் கண்ணை நம்பலாம். ஒரு சிட்டிகை உறைந்த இறால் உணவைத் தூவி, அது எங்கே போய்த் தங்குகிறது என்று பார்த்தால் தேங்கும் மூலைகள் தெரிந்துவிடும். பாலிப்புகள் (பவளத்தின் சிறு உயிர்கள்) எல்லாம் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் ஓட்டத்தின் திசை மாறவில்லை என்று பொருள். மணல் பறந்து அடிக்கண்ணாடி தெரிந்தால் பம்பைச் சற்று உயர்த்த வேண்டும்.

கட்டுரையுடன் வெளியான படத்தில் பாறைகள் பின்கண்ணாடியோடு சுவர்போல் ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன. பார்க்க அழகுதான், ஆனால் அவற்றின் பின்னால் நீர் புகவே வழியில்லை. நான்கு விரல் இடைவெளி விட்டு, நடுவில் குகைபோல் திறந்து அடுக்கும் முறையையும், சுண்ணாம்புப் பாசி படிந்து வேகம் குறையும் பம்புகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவும் முறையையும் கட்டுரையாளர் அடுத்த பகுதியில் விளக்குவாரானால், புதிதாகத் தொட்டி வாங்கவிருக்கும் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தெம்பனிஸ், சிங்கப்பூர்