நவம்பர் 2: பெயர்களை அனுப்புங்கள்

அன்பு உறவுகளே, இறந்த விசுவாசிகள் அனைவரையும் திருச்சபை நினைவுகூரும் நவம்பர் 2 நெருங்குகிறது. நீங்கள் இழந்தவர்களின் பெயர்களை அக்டோபர் 31க்குள் இங்கே பதிவிடுங்கள். நவம்பர் 2 மாலை ஜெபமாலையில் ஒவ்வொரு பெயரையும் சொல்லி ஜெபிப்போம்.

"இறந்தவருக்கு இனி நம் ஜெபம் எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். 'புனிதர்களின் சமூக உறவை நம்புகிறேன்' என்று விசுவாச அறிக்கையில் சொல்கிறோமே, அதில்தான் பதில் இருக்கிறது. இங்கே வாழும் நாம், இறந்தபின் விண்ணகம் சேருமுன் உத்தரிக்கும் நிலையில் தூய்மை பெறுகிறவர்கள், விண்ணகத்தில் இருப்பவர்கள் எல்லாரும் கிறிஸ்துவில் ஒரே குடும்பம். சாவு அந்த உறவை அறுப்பதில்லை. நாம் அவர்களுக்காக ஜெபிக்கிறோம், அவர்களும் நமக்காக மன்றாடுகிறார்கள். புனித மோனிக்கா 387இல் சாகும் தறுவாயில் தன் உடலை எங்கே புதைத்தாலும் சரி, ஆண்டவரின் பீடத்தில் தன்னை நினைத்துக்கொண்டால் போதும் என்றுதான் மகன் அகுஸ்தீனிடம் சொன்னார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கிவிடும்.

ஆனால் ஆவிகளை அழைத்துப் பேசுவது வேறு. அதைத் திருச்சபை ஏற்பதில்லை.

அப்புறம், நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறையைச் சந்தித்து இறந்தோருக்காக ஜெபித்தால் பரிபூரண பலனை, அதாவது மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கு மீதமிருக்கும் தண்டனையை முழுவதும் நீக்கும் அருளை, அவர்களுக்கு ஒப்புக்கொடுக்கலாம். பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காக ஜெபம் ஆகியவையும் வேண்டும். வர முடிகிறவர்கள் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.