கைப்பேசிக்கும் கடைசி மணி வேண்டும்

பள்ளிக் கல்வி, தொடக்கக் கல்வி, தனியார் பள்ளிகள் இயக்ககங்களின் அலுவலர்களுக்கும், மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கும், தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் வகுப்பறைக்குத் திரும்பினார்கள். அந்த இடைவெளியில் அவசரத்துக்குச் செய்த ஏற்பாடுகள் பல இன்னும் கலையவில்லை. வாட்ஸ்அப் குழுக்கள் அப்படியே இருக்கின்றன. இரவு ஒன்பது மணிக்கு வரும் ‘மிக அவசரம்’ செய்தியும் இருக்கிறது. பெருந்தொற்றுதான் வர வேண்டும் என்றில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னைப் பள்ளிகள் ஒரு வாரம் மூடிக் கிடந்தன. அடுத்த முறை மூடும்போது ஆசிரியையின் வேலை நேரம் எது என்று இப்போதே எழுதி வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

2020 ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ‘பிரக்யாதா’ வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு இரண்டு இணைய வகுப்புகள், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம். பிள்ளைகளின் கண்ணுக்கு வரம்பு வைத்தது நல்ல காரியம். ஆனால் அந்த 45 நிமிடத்துக்குப் பின்னால் ஆசிரியைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று யாரும் கணக்குப் போடவில்லை.

நாங்கள் போட்டுக் காட்டுகிறோம். பத்து நிமிடப் பாட வீடியோவை முழுத் தெளிவில் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 100 எம்பி வீதம் ஒரு ஜிபி வரும். அன்றைக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவுக்கு 16 எம்பிதான் வரம்பு. தெளிவைக் குறைத்தால் கரும்பலகை எழுத்து மங்கும். குறைக்காவிட்டால் போகவே போகாது. ஆகவே சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் சுருக்கி, வரிசை மாறாமல் அனுப்ப வேண்டும். குக்கர் விசிலும் குழந்தை அழுகையும் பதிவில் விழக்கூடாது என்றால் வீடு தூங்கிய பிறகோ விடியற்காலையிலோதான் எடுக்க முடியும்.

வீட்டுப்பாடம் இதைவிட மோசம். நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு மூன்று பக்கம் என்றால் 120 படங்கள். பாதி பக்கவாட்டில் திரும்பியிருக்கும், சிலவற்றில் கட்டைவிரல் மறைத்திருக்கும். இறக்கி, திருப்பி, பெரிதாக்கி, விரலால் குறியிட்டுத் திருப்பி அனுப்பப் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 200 நிமிடம். அதே நோட்டுக்கட்டு மேசைமேல் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும்.

‘மாலை ஆறு மணிக்கு மேல் செய்தி அனுப்பக் கூடாது’ என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் ஒரே போன். அது அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு ஏழரைக்குத்தான் திரும்பும். தடை போட்டால் அந்தப் பிள்ளைதான் விடுபடும். பிள்ளை எப்போது வேண்டுமானாலும் அனுப்பட்டும். ஆசிரியை மறுநாள் காலை பத்து மணிக்குப் பார்ப்பார் என்று பெற்றோருக்கும் மேலதிகாரிக்கும் சேர்த்து அறிவியுங்கள். சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வழங்கிய நாளில் பெற்றோர் எப்படியும் பள்ளிக்கு வந்தார்களே! அன்றே அச்சிட்ட பயிற்சித்தாளைக் கொடுத்து, முந்தையதைத் திரும்ப வாங்கினால் திருத்தும் வேலை பள்ளியிலேயே முடியும். போன் இல்லாத பிள்ளைக்கும் அது போய்ச் சேரும்.

இரவு என்று ஏன் இத்தனை முறை சொல்கிறோம்? தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் செலவிடும் நேரம் 299 நிமிடம், ஆணுக்கு 97. இது தொற்றுக்கு முந்தைய கணக்கு. ஊரடங்கில் எல்லோரும் வீட்டில், மூன்று வேளையும் சமையல், அங்கன்வாடியும் மூடல். மாலை ஏழு மணிக்குக் கூகுள் மீட்டில் கூட்டம் வைக்கும் தலைமையாசிரியர், அந்த நேரத்தில் யார் வீட்டு அடுப்பில் யார் நிற்கிறார் என்று ஒரு நொடி யோசிக்கலாம்.

அம்மா பாடம் எடுக்கும் பத்து மணிக்கே அவர் பிள்ளைக்கும் இணைய வகுப்பு என்றால் வீட்டில் இரண்டு போன் வேண்டும். எனவே கால அட்டவணை போடுமுன் ஒவ்வோர் ஆசிரியையிடமும் எந்த இரண்டு மணி நேரம் தோதுப்படும் என்று கேளுங்கள். கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பும் பாடத்தை அவரே மறுபடி பதிவு செய்ய வேண்டாம். சந்தேகம் தீர்த்தால் போதும். டேட்டாச் செலவும் அவர் பையிலிருந்துதான் போனது. 2021 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவசமாகத் தந்த அரசுக்கு இது எட்டாத செலவல்ல.

ஆசிரியையின் சொந்த எண்ணை ஊர் முழுக்கக் கொடுத்ததன் விளைவை நீங்கள் அறிவீர்கள்: நள்ளிரவு அழைப்பு, முகப்புப் படத்தைப் பதிவிறக்கிப் பகிர்வது. பள்ளிக்கு ஒரு சிம், ஒரு பழைய போன், அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போதும். வேலை நேரத்தைக் குறித்துவிட்டால், மற்ற நேரத்தில் வருகிற செய்திக்கு அதுவே பதில் சொல்லிவிடும். வகுப்புக் குழுவில் நிர்வாகி மட்டும் பதிவிடும்படி வைத்தால் ‘காலை வணக்கம்’ படங்களிலிருந்தும் விடுதலை.

மாணவர், பள்ளி விவரங்களை அரசின் இணையதளத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு தனிக்கதை. எல்லாப் பள்ளியும் பகலில் ஒரே நேரத்தில் நுழையும்போது சர்வர் திணறும். இரவு பதினொன்றுக்கு மேல் ஓடும். எனவே எல்லோரும் இரவில் உட்காருகிறார்கள். ஒன்றியவாரியாக நாள் பிரித்து, எந்த விவரத்துக்கும் குறைந்தது இரண்டு முழு வேலைநாள் கொடுங்கள். மேலிடத்தில் காலையில் கிளம்பும் உத்தரவு ஒவ்வொரு படியாக இறங்கி நாலு மணிக்கு வகுப்பாசிரியரிடம் வந்து, ஐந்துக்குள் வேண்டும் என்றால், தாமதம் அவருடையதல்ல.

சுழற்சி முறையில் பள்ளிக்கு வரச் சொல்லும்போது பேருந்து ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். கர்ப்பிணிகளையும், பால் குடிக்கும் குழந்தை உள்ளவர்களையும் பட்டியலிலிருந்து எடுங்கள்; அதற்காக அவர்கள் விடுப்புக் கணக்கில் கை வைக்காதீர்கள். மகப்பேறு விடுப்பை 2021 ஜூலை 1 முதல் 12 மாதமாக உயர்த்திய அரசுக்கு இதற்கான காரணத்தை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

தனியார் பள்ளி ஆசிரியைகளுக்கு இந்த அளவு பேசக்கூட இடமில்லை. பாதிச் சம்பளத்துக்கு ஆறு பாடவேளை, தொடர்ச்சியாக, கேமரா முன்னால். தனி மைக் இல்லாமல் போனில் உரக்கப் பேசித் தொண்டை கட்டும்; கழிப்பறைக்குப் போக இடைவெளி இராது. 40 நிமிட வகுப்புக்குப் பின் 15 நிமிடம் கட்டாய இடைவெளி, ஒரு நாளில் நான்கு நேரலைக்கு மேல் இல்லை, சம்பளம் வங்கிக் கணக்கு வழியாக மட்டும் என்ற மூன்றையும் அங்கீகாரப் புதுப்பிப்பு நிபந்தனைகளில் சேருங்கள். அங்கே சேர்த்தால்தான் நிர்வாகங்கள் படிக்கும்.

இந்த மடலுக்கான பதிலை அலுவலக நேரத்தில் அனுப்புங்கள். அன்றே படித்துவிடுவோம்.

இப்படிக்கு,
தமிழக ஆசிரியைகள் சிலர்